நடைக்குக் கூலி வடை அல்ல

காலை 6 மணிக்குப் பூங்காவை அரை மணி நேரம் விறுவிறுப்பாகச் சுற்றி வந்துவிட்டு, வாசலில் இருக்கும் கடையில் இரண்டு உளுந்து வடையும் ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உண்டு. அவர்களைக் கேலி செய்வது எளிது. கணக்குப் போட்டுக் காட்டுவது அதைவிட எளிது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 100 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கக்கூடிய 30 கலோரியும் அதற்குள் அடக்கம். எண்ணெயில் பொரித்த வடை ஒன்றே, அளவைப் பொறுத்து, அந்த நூறை எட்டிவிடும்.

இந்தக் கணக்கு தெரியாமல் யாரும் வடை தின்பதில்லை. "நடந்துவிட்டேன், ஆகவே தின்னலாம்" என்ற எண்ணம்தான் கையை நீட்ட வைக்கிறது. அதனோடு உடன்பிறந்த இன்னோர் எண்ணமும் உண்டு: "தின்றுவிட்டேன், இன்றைய நாள் கெட்டது, இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" முதலாவது உழைப்புக்கு உணவைக் கூலியாகக் கொடுக்கிறது, இரண்டாவது உணவைக் குற்றமாக்கி, உழைப்பை அதற்கான தண்டனையாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்தான். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற பட்டியல்கள் ஏற்கெனவே வேண்டிய அளவு இருப்பதால், அந்தக் கணக்குப் புத்தகத்தை எப்படி மூடுவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம்: மனத்தில் ஓடுவதைக் குறித்தல்

முதல் ஏழு நாள்கள் உணவிலும் உடற்பயிற்சியிலும் எதையும் மாற்ற வேண்டாம். வேளை உணவைத் தவிர வேறு எதையாவது வாயில் போடும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன் மனத்தில் ஓடிய வாக்கியத்தை ஒரு சிறு குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ அது வந்த மொழியிலேயே எழுதி வையுங்கள். கலோரியும் வேண்டாம், எடையும் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். "காலைலதான் நடந்தாச்சே", "நாளைலருந்து பாத்துக்கலாம்", "ஆபீஸ்ல பட்ட பாட்டுக்கு இதுகூட இல்லன்னா எப்படி", "வீணாப் போகுதே" என்பவை போன்றவைதான் பெரும்பாலும் வரும். வாரக் கடைசியில் சேர்த்து வாசித்தால், உங்களை ஆட்டிவைப்பவை இரண்டு மூன்று வாக்கியங்களே என்பது தெரிந்துவிடும்.

இவற்றுள் "வீணாகப் போகிறதே" என்பது தனி வகை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசையையும், பாத்திரத்தின் அடியில் கிடக்கும் பாயசத்தையும் நின்றுகொண்டே தின்று முடிக்கும் பெண்களிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. அரிசியை அரை ஆழாக்கு குறைத்துப் போடுவதும், மிஞ்சியதை எடுத்துவைக்க மூடியுள்ள சிறு டப்பாக்களை வாங்கி வைப்பதும்தான் அங்கே மருந்து.

எழுதத்தான் வேண்டுமா, நினைவில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரை நியூயார்க் மருத்துவர்கள் துல்லியமான முறைகளில் அளந்து பார்த்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உண்மையில் உண்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் எரிசக்திச் செலவிலோ எந்தக் குறையும் தென்படவில்லை. அவர்கள் பொய்யர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சிரமப்பட்டுச் செய்தது மனத்தில் பெரிதாகவும், போகிறபோக்கில் தின்றது சிறிதாகவும் பதிவது மனித இயல்பு.

உழைப்பையும் உணவையும் பிரித்தல்

இரண்டாவது வாரத்தில் செய்ய வேண்டியது, நடந்த நாளின் காலை உணவும் நடக்காத நாளின் காலை உணவும் ஒன்றாகவே இருக்கும்படி முந்தைய இரவே முடிவு செய்து வைப்பது. மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்று தீர்மானித்தால், மழை பெய்து நடை தவறிப்போன நாளிலும் அதே மூன்று இட்லி, பத்து கிலோமீட்டர் நடந்த நாளிலும் அதே மூன்று இட்லி. நடந்துவிட்டு வந்ததும் உண்மையாகவே பசித்தால் அந்த உணவை அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள். கூடுதலாக ஒன்றை நுழைக்க வேண்டாம். சில வாரங்கள் இப்படிச் செய்தால், நடையைப் பார்த்துச் சாப்பாட்டை அளக்கும் பழக்கம் மனத்திலிருந்து தேய்ந்துவிடும்.

அடுத்து, கைக்கடிகாரத்திலும் டிரெட்மில்லிலும் தெரியும் கலோரி எண்ணை மறைத்துவிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் துடிப்பை ஓரளவு சரியாகக் காட்டிய கருவிகளும் கலோரிச் செலவைக் காட்டுவதில் தடுமாறின. அவற்றுள் சிறந்ததே 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். தவறான எண் என்பது ஒரு புறம் இருக்கட்டும்; அந்த எண் கண்ணில் பட்ட நொடியிலேயே அதை எதில் செலவழிக்கலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது என்பதே பெரிய தொல்லை. நடையை நிமிடங்களில் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடங்களை யாரும் வடையாக மாற்றிப் பார்ப்பதில்லை.

இப்படிப் பிரிப்பதற்கு உடலியல் சார்ந்த காரணமும் இருக்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் ஆராய்ந்தபோது, நாள்தோறும் பல கிலோமீட்டர் நடக்கும் அவர்களுடைய மொத்த எரிசக்திச் செலவு, உடல் அளவின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், மேலை நாட்டு நகரவாசிகளின் செலவைப் போலவே இருந்தது. 2012இல் வெளியான இந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது பொன்ட்சரின் விளக்கம். அந்தச் சிக்கனம் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் இருந்தாலும், நடை ஒன்றினால் மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்க முடியாது என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஆகவே உடற்பயிற்சியின் பலனை எடை காட்டும் கருவியில் தேடாதீர்கள். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், தசை வலு, மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு ஆகியவற்றில்தான் அது முதலில் தெரியும். குறைத்த எடை திரும்பி ஏறாமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

கூலியே இல்லாமல் மனம் உழைக்குமா என்றால், கூலியை உழைப்புக்குப் பின்னால் வைக்காமல் உழைப்புக்குள்ளேயே வைக்கலாம். அடுத்து என்ன என்று ஆவலைத் தூண்டும் நாவல்களின் ஒலிப்பதிவை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும்படி செய்து பார்த்த கேட்டி மில்க்மன் குழுவின் ஆய்வில், கேட்டவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிக முறை கூடத்துக்கு வந்தார்கள். ஒரு தொடர்கதையையோ, பிடித்த கச்சேரியையோ நடக்கும்போது மட்டும் கேட்பது என்று நீங்களும் வரையறுத்துக்கொள்ளலாம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் விடுமுறை வந்து போனதும் அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. நமக்குத் தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் அப்படி. ஊருக்குப் போய்த் திரும்பியதும் புதிய கதை ஒன்றோடு தொடங்க வேண்டும் என்பதை விடுமுறைக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

முழுக்க நனைந்தபின் முக்காடு

உணவுக் கட்டுப்பாட்டைக் கெடுப்பதில் முதல் லட்டுக்கு இருக்கும் பங்கு சிறிது. அதன்பின் வரும் நான்கு லட்டுகள்தான் கெடுக்கின்றன. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் 1975இல் வெளியிட்ட சோதனையில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, சுவை பார்ப்பது என்ற பெயரில் ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், வயிறு ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்களிலோ, மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே அதிகம் சாப்பிட்டார்கள். தொடர்ந்து வந்த ஆய்வுகளில், உண்டது கலோரி மிகுந்தது என்று நம்பினாலே போதும், உண்மையில் அப்படி இல்லாவிட்டாலும் இதே விளைவு ஏற்பட்டது. ஆகவே இது வயிற்றின் வேலை இல்லை. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த மனநிலைதான்.

இதற்கு எதிராகச் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, "நாள்" என்ற அளவையே கைவிடுவது. நாள் கெட்டது, வாரம் கெட்டது, இனி திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் பெரிய பெரிய அளவுகளில் தோல்வியை எழுதும். நீங்கள் வேளையை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் மதியம் அளவு மீறினால், இரவு வழக்கமான வேளை. ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம், மறுநாள் இரட்டை நடை நடக்கவும் வேண்டாம். பட்டினி அடுத்த மீறலுக்கு அடி போடுகிறது; இரட்டை நடை, நடையைத் தண்டனையாக்குகிறது.

மற்றொன்று, தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்துவது. திட்டாவிட்டால் துளிர்விட்டுவிடும் என்ற அச்சம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சான்று அதற்கு எதிராக இருக்கிறது. கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவிகளுக்கு டோநட் கொடுத்தபின், ஒரு பகுதியினரிடம் மட்டும் "எல்லோரும் சில சமயம் இப்படிச் சாப்பிடுகிறோம், உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்" என்ற பொருள்பட ஆய்வாளர் பேசினார். பிறகு மிட்டாய்களை வைத்தபோது, குற்ற உணர்வோடு உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் உள்ளவர்களுள் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் குறைவாகவும், கேட்காதவர்கள் அதிகமாகவும் தின்றார்கள். நண்பர் ஒருவர் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வருந்தினால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதையே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, அந்த நேரத்தில் வாசியுங்கள்.

விருந்துக்கு மறுநாள் காலை எடை பார்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடல் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குகிறது. உண்டது முழுவதும் குடலைக் கடந்திருக்காது. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. ஆனாலும் கருவி ஒன்றரைக் கிலோ கூடியதாகக் காட்டும், உடனே முக்காட்டைக் கழற்றத் தோன்றும். வாரத்தில் பல நாள் காலையில் ஒரே நிலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். அதுவும் மனத்தைக் குடைந்தால், மாதம் ஒரு முறை இடுப்பை அளந்தால் போதும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கை எல்லை.

விருந்தை முன்கூட்டியே தீர்மானித்தல்

முழுத் தடை எப்படி முடியும் என்பதற்கு நம் கண்முன் ஆண்டுதோறும் ஒரு காட்சி உண்டு. புரட்டாசி முழுவதும் அசைவத்தைத் தவிர்த்தவர்கள், மாதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையிலும் கறிக்கடையிலும் வரிசையில் நிற்கிறார்கள். விரதத்தில் பிழை ஒன்றும் இல்லை. அது எடைக்காக ஏற்பட்டதும் இல்லை, அதற்கு முடிவு நாள் உண்டு, யாரும் குற்ற உணர்வோடு அதை முடிப்பதும் இல்லை. முடிவு நாளே இல்லாத தடையை எடைக்காகப் போட்டுக்கொள்கிறவருக்கோ, மீறுகிற நாள் மட்டுமே முடிவு நாளாகிறது.

உணவை மிகக் கடுமையாகக் குறைத்தால் மனத்துக்கு என்ன நேரும் என்பதை, 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வு காட்டியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தார்கள். எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். உடல் மெலிந்ததைவிட மனம் மாறியது விந்தையாக இருந்தது: எந்நேரமும் உணவைப் பற்றிய பேச்சு, சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து வாசித்தல், எரிச்சல், சோர்வு. பட்டினிக் காலம் முடிந்த பின்னும் பலர் வயிறு நிறைந்தும் நிறைவு பெறாமல் உண்டார்கள். உறுதியான கொள்கைக்காகப் போரையே மறுத்த இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், பசியோடு மல்லுக்கட்டித் தோற்றவர் தன்னைக் கோழை என்று சொல்லிக்கொள்ள நியாயமே இல்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, மோர் ஆகியவற்றைக் கூட்டி, பசியைப் பக்கத்தில் வரவிடாமல் மெதுவாகக் குறைப்பதே நிலைக்கும்.

ஆகவே விருந்தைத் தடுக்காமல் அதற்கு இடம் ஒதுக்குங்கள். உங்களுக்கு உண்மையாகவே பிடித்த நான்கு பண்டங்களை எழுதிக்கொள்ளுங்கள்; அதில் இல்லாதவற்றை மறுப்பது அப்போது வியக்கத்தக்க அளவு எளிதாகிவிடும், ஏனெனில் தீபாவளிக்கு வீடு வீடாக வந்து சேரும் இனிப்புப் பெட்டிகளில் பாதி, யாருக்கும் குறிப்பாகப் பிடித்தவை அல்ல. பிடித்ததைச் சாப்பிடும்போது தட்டில் வைத்து, உட்கார்ந்து, விருந்து என்றே எண்ணிச் சாப்பிடுங்கள். அலியா கிரம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே 380 கலோரி மில்க் ஷேக்கை ஒரு முறை "620 கலோரி, ஆடம்பர விருந்து" என்ற லேபிளோடும், மறுமுறை "140 கலோரி, அளவான பானம்" என்ற லேபிளோடும் 46 பேருக்குக் கொடுத்தார்கள். விருந்து என்று நம்பிக் குடித்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் செங்குத்தாக இறங்கியது. அளவானது என்று நம்பியபோது பெரிதாக அசையவில்லை. சிறிய ஆய்வுதான், என்றாலும், அலமாரியைத் திறந்து வைத்து நின்றபடியே குற்ற உணர்வோடு உடைத்துத் தின்ற மைசூர்பாகு ஏன் நிறைவு தருவதில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பைத் தருகிறது. விருந்துக்கு முன்பே தீபாவளி லேகியத்தைக் கிண்டி வைத்த பாட்டிமார்கள், பண்டிகையைத் தடுக்க நினைத்ததில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

உபசாரத்தை எதிர்கொள்வது தனிக் கலை. "வேண்டாம், டயட்ல இருக்கேன்" என்று சொன்னால் வீட்டாருக்கு அது சவாலாகிவிடும். மறுப்பதைவிட, வேறொன்றைக் கேட்டு வாங்குவது நம் வீடுகளில் பலிக்கும்: "அத்தை, பொரியல் ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க, சோறு இது போதும்." கேட்டு வாங்கிய மகிழ்ச்சி அவர்களுக்கும் கிடைக்கிறது, சோறும் கூடுவதில்லை.

எவ்வளவு கடினமாக உழைப்பது

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். தொடக்கத்திலேயே நாக்குத் தள்ள ஓடுகிறவர்கள் அதை உறுதியின் அடையாளமாக எண்ணுகிறார்கள். ஆனால் மனம் மறுநாளுக்காக நினைவில் வைத்துக்கொள்வது பயிற்சியின் கடைசிக் கட்டத்தை. மொத்த உழைப்பு ஒன்றாக இருந்தும், கடினத்தில் தொடங்கி எளிதில் முடித்தவர்கள் அந்தப் பயிற்சியை இனிமையாக நினைவுகூர்ந்தார்கள் என்று ஜக்கரி ஜெங்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டினார்கள். உடலைச் சூடாக்கிய பின் கடினமான பகுதியை முன்னால் வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தைச் சாவகாசமாக நடந்து முடியுங்கள்.

எப்போது, எங்கே என்பதை எழுதி வைப்பது அற்பமாகத் தோன்றும். அடுத்த வாரம் ஒரு முறை 20 நிமிடம் உடற்பயிற்சி செய்யப்போகும் நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதச் சொன்ன மாணவர்களுள் 91 சதவீதத்தினர் செய்தார்கள் என்றும், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் வாசித்தவர்களுள் 40 சதவீதத்தினர்கூடச் செய்யவில்லை என்றும் 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கண்டது. "மழை பெய்தால் மொட்டை மாடி வராந்தாவில் பத்து நிமிடம்" என்று தடங்கலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்பது வெறும் பேச்சு. நம்முடைய 48 நாள் மண்டலக் கணக்கு அதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரிடம் நடத்திய ஆய்வில் இடைநிலை அளவு 66 நாள், ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

யாருக்கு இது போதாது

இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் உணவளவையும் உழைப்பையும் மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றுவது, தின்றதற்குத் தண்டனையாக மணிக்கணக்கில் ஓடுவது, யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாதபடி தின்பது, எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்தும் குண்டாக இருப்பதாக நம்புவது ஆகியவை நோயின் அறிகுறிகள். இந்த அறிகுறிகள் உள்ளவர்கள் இங்கே சொன்ன குறிப்பேட்டு வேலையைக்கூடத் தனியாகச் செய்ய வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதற்குத் தயக்கம் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.